பதினொரு கையெழுத்துகள்

படிவத்தில் இருந்தது நான்கே கோடுகள். சிவனேஸ்வரிக்கு அது எந்த மூலைக்குக் காணும்? மகளின் கொப்பியிலிருந்து ஓர் ஒற்றையைக் கிழித்து, படிவத்தோடு சேர்த்துக் கிளிப் போட்டு, பதினொரு பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தாள்.

கேள்வி இதுதான்: "பயணத்தில் இடம்பெறும் நகரங்களில் மாணவருக்கு உறவினர் எவரேனும் உண்டா? இருப்பின் விவரம் தருக." யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? லண்டனில் கணவனின் தம்பிமார் இரண்டு பேர், சித்தி, சித்தியின் பெண்கள் மூன்று பேர். பாரிசில் சொந்த அக்கா கலா, அத்தான் இரத்தினசிங்கம். கொலோனில் மாமாவும் மாமியும். புரூஜில் ஒருவரும் இல்லை, லூபெக்கிலும் இல்லை. அது அவளுக்கு ஒரு குறையாகவே பட்டது. யோசித்துப் பார்த்துவிட்டு, ஹம்பேர்க்கில் இருக்கும் மாமாவின் மகனையும் சேர்த்து, லூபெக்கிலிருந்து ஒரு மணித்தியாலம்தான் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினாள். பிள்ளை தனியாகப் போகிறாள், போகிற இடமெல்லாம் ஆள் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் ஆறுதல்தானே என்று நினைத்தாள்.

மெல்பர்னின் கிரான்பர்னில் மகள் பிரவீணா படிக்கிற பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பில் பதினான்கு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, செப்டம்பர் விடுமுறையில் பத்து நாள் ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. லண்டன், பாரிஸ், புரூஜ், கொலோன், லூபெக். நடுக்காலத்து வணிகர்கள் கம்பளியும் மிளகும் உப்புமீனும் ஏற்றித் திரிந்த ஊர்களைப் போய்ப் பார்ப்பது என்று திட்டம். இடம் கிடைக்க ஒரு கட்டுரை எழுத வேண்டும்: நடுக்கால ஐரோப்பாவில் வணிகமும் பயணமும் எப்படி வளர்ந்தன? மற்றப் பிள்ளைகள் கப்பலைப் பற்றியும் நாணயத்தைப் பற்றியும் சிலுவைப்போரைப் பற்றியும் எழுதினார்கள். பிரவீணா சொந்தக்காரரைப் பற்றி எழுதினாள். அண்ணன் லூபெக்கில், தம்பி புரூஜில், மாமனார் கொலோனில் என்று ஊருக்கு ஓர் ஆள் இருந்தபடியால்தான் ஒரு வணிகனால் துணிந்து சரக்கை ஏற்ற முடிந்தது, தெரியாத ஊரில் படுக்க இடம் கொடுத்ததும், இவன் நல்லவன் என்று பிணை சொன்னதும் உறவினர்தான் என்று எழுதினாள்.

அவளுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது என்று கேட்கவே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குசினியில் ஒரு கையால் வெங்காயம் வதக்கிக்கொண்டு மறு கையில் மூன்று நாட்டோடு பேசுகிற தாயைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. கட்டுரைக்கு முதலிடம் கிடைத்தது. சிவனேஸ்வரி அதைப் படமெடுத்துப் பதினொரு பேருக்கும் அனுப்பினாள்.

படிவத்தை நிரப்புவதற்கு முன்பு அவள் சேஷாத்ரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாள். சேஷாத்ரி இரண்டு தெரு தள்ளி இருப்பவர், சென்னைக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். பள்ளிக்கூடத்தின் பெற்றோர் குழுவில் செயலாளரும் அவரே. அவருடைய மகன் பிரதீப்குமாரும் பயணத்துக்குத் தேர்வாகியிருந்தான்.

"எல்லாரையும் எழுதோணுமோ, அண்ணா?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா எழுதுங்க மேடம். எவ்வளவு டீட்டெய்ல் குடுக்கிறீங்களோ அவ்வளவு நல்லது" என்றார் சேஷாத்ரி.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. சிவனேஸ்வரி பஸ் ஓட்டுபவள். கிரான்பர்ன் ரயில் நிலையத்தில் அடுத்த ஓட்டத்துக்கு ஏழு நிமிடம் இருந்தபோது அதைத் திறந்து படித்தாள். மாணவர்களின் பாதுகாப்பைக் கருதி, பயண நகரங்களில் நெருங்கிய உறவினர் உள்ள மாணவர்களை இம்முறை சேர்த்துக்கொள்ள இயலவில்லை, வருந்துகிறோம், பிரவீணாவின் கட்டுரை மிகச் சிறப்பானது. இவ்வளவுதான். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். காது சுட்டது. கதவைத் திறந்து, ஏறிய இருபத்தாறு பேருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை வணக்கம் சொல்லி, ஒரு தரிப்பிடமும் தவறாமல் பஸ்ஸை ஓட்டி முடித்தாள். அந்த ஓட்டத்தில் பிரேக் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே விழுந்தது.

எதற்காக இந்த விதி என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே பயணத்தில் அனோஜன் என்ற பையன் போனான். பாரிசில் ஹோட்டல் வாசலில் அவனுடைய சித்தப்பா வந்து நின்றார். இவ்வளவு தூரம் வந்த பிள்ளை வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் போவதா என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று அந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை. சொந்த அண்ணன் பிள்ளையைக் கூட்டிப் போக யாரிடம் அனுமதி கேட்பது? சாப்பிட்டான், மச்சான்மார் வந்தார்கள், பேசிப் பேசி அங்கேயே படுத்துவிட்டான். கைபேசியில் சார்ஜ் இல்லை. ஹோட்டலுக்குப் போலீஸ் வந்து, ஆசிரியை அழுது, புரூஜுக்குப் போகிற ரயிலும் போய்விட்டது. காலை பத்து மணிக்குச் சித்தப்பா பையனைக் கொண்டுவந்து விட்டார், ஆசிரியைக்கென்று ஒரு பெட்டி வடையோடு.

அது பிழைதான். பிழை இல்லை என்று சிவனேஸ்வரி ஒருநாளும் வாதாடியதில்லை. ஆனால் அனோஜன் யார், பிரவீணா யார்? அவன் செய்ததற்கு இவள் ஏன் வீட்டில் இருக்க வேண்டும்? இதுதான் அவளைப் போட்டு எரித்தது.

வீட்டுக்கு வந்தால், மகளின் கோபம் தாயின் மேல்.

"ஏன் அம்மா எல்லாரையும் எழுதினனீங்கள்? ஹூ டஸ் தட்? ஒரு எக்ஸ்ட்ரா பேப்பர் வேறை!"

"பிள்ளை, அவை கேட்டவை, நான் எழுதினனான். பொய் எழுதச் சொல்லுறியோ?"

"ஹம்பேர்க் லிஸ்ட்டிலயே இல்லை அம்மா! அதையும் எழுதியிருக்கிறீங்கள்!"

பிரவீணா அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். ஹம்பேர்க்கை எழுதியது தான்தானே என்ற நினைப்பு சிவனேஸ்வரியை இன்னும் கொதிக்க வைத்தது. கணவன் ஜெயரட்ணம், கண்ணாடித் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்தவன், கதிரையில் இருந்தபடி "இதைப் பெரிசாக்காதை" என்றான். அவனும் சேர்த்து வாங்கிக் கட்டினான்.

மறுநாள் பின்னேரம் சீருடையைக்கூட மாற்றாமல் சேஷாத்ரி வீட்டுக்குப் போனாள். அவர் செயலாளர், ஒரு வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்று நம்பிப் போனாள். சேஷாத்ரி காபி கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்து, விரலைக் கோத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்த ரூலை கமிட்டியில சொன்னதே நான்தான்."

சிவனேஸ்வரி காபியைத் தொடவில்லை. "என்ன சொல்லுறியள் அண்ணா? நீங்கள்தானே எல்லாரையும் எழுதச் சொன்னனீங்கள்?"

"ஆமா. ரெக்கார்டு சரியா இருக்கணும்ல. மேடம், நான் சொல்றதைக் கேளுங்க. அனோஜன் விஷயம் நடந்தப்போ எனக்கு அந்தப் பையன் யாருன்னே தெரியாது. ஆனா ஸ்கூல்ல எல்லாரும் என்கிட்ட வந்து, உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்கன்னு கேட்டாங்க. ஒரு வருஷம் பதில் சொன்னேன். மறுபடி ஒண்ணு நடந்தா நம்ம பசங்க யாரையுமே கூட்டிட்டுப் போக மாட்டாங்க. நம்ம பேரு கெடக் கூடாதுன்னுதான் நானே முந்திக்கிட்டேன்."

"நம்மட பேரோ, உங்கட பேரோ?"

சேஷாத்ரி காபிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒரு வழி இருக்கு. உங்க சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும், அந்தப் பத்து நாள் பொண்ணை நேர்லயோ போன்லயோ காண்டாக்ட் பண்ண மாட்டோம்னு ஒரு லெட்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். நான் பேசி வாங்கித் தர்றேன்" என்றார்.

ஏதோ பெரிய உபகாரம் செய்பவரைப் போல அவர் அதைச் சொன்னதுதான் சிவனேஸ்வரியால் தாங்க முடியாததாக இருந்தது. பெற்ற தாயைப் போல அவளை வளர்த்த அக்காவிடம், என் பிள்ளை உன் ஊருக்கு வருகிறாள், அவளைப் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடு என்று கேட்பதா? எழுந்து வந்துவிட்டாள். போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் பிரவீணா சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஜெயரட்ணம், "கோவத்தைப் பிறகு பாப்பம். முதல் பிள்ளை போகட்டும்" என்றான். சொல்வதென்றால் சுலபம். தொலைபேசியை எடுக்க வேண்டியவள் சிவனேஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். லண்டன் சித்தி கால் மணி நேரம் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்துத் திட்டிவிட்டு, "சரி, அனுப்பு, கையெழுத்து வைக்கிறன்" என்றார். கணவனின் தம்பிமார் சிரித்தார்கள். கொலோன் மாமா இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். பாரிசில் அத்தான் இரத்தினசிங்கம் தொலைபேசியை எடுத்தார். பிரவீணாவை அவர் நேரில் ஒருதரமும் கண்டதில்லை. அவளுக்குப் பதினாறு வயது.

"அனுப்பு பிள்ளை. உன்ரை அக்காவின்ரையும் வாங்கி அனுப்புறன்" என்றார்.

"கோவமோ அத்தான்?"

"என்ன கோவம்? பிள்ளை போகட்டும்."

ஒரே நாளில் பதினொரு கையெழுத்தும் வந்து சேர்ந்தன. ஒருவராவது முடியாது என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதியை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அச்செடுத்து அடுக்கிய அந்தத் தாள்களைப் பார்க்கப் பார்க்க, யாரையாவது பிடித்து உலுப்ப வேண்டும்போல அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை குழுக் கூட்டம், மாலை ஐந்து மணிக்கு, பள்ளிக்கூட நூலகத்தில். அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பிரவீணாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. போகிற பிள்ளைகளுக்கு மட்டும் புதிய பயணத் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். பிரதீப் அதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறான். சிவனேஸ்வரி வெறும் பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் படித்தாள். இரண்டாம் நாள், லண்டன். பிற்பகல் ஓய்வு. "லண்டனில் குடும்பத்தினர் உள்ள மாணவர்களை அவர்கள் வந்து அழைத்துச் செல்லலாம். ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் தரவும்."

மூன்று தரம் படித்தாள். பிறகு மகளுக்கு அழைத்தாள்.

"உதென்ன பிள்ளை? ஆர் போறது?"

"டாமும் எமிலியும் தாத்தா வீட்டை. சோஃபி அவளின்ரை ஆன்ட்டி வீட்டை." பிரவீணா குரலைத் தாழ்த்தினாள். "பிரதீப்பும் அவன்ரை அத்தை வீட்டை போறான் அம்மா. ஹம்சா ஆன்ட்டியாம். முதல் ஃபோர்மில அவன்ரை அப்பா, உறவினர் இல்லை எண்டு போட்டவராம். பிளீஸ், அவனை மாட்டிவிடாதேங்கோ. ஹி இஸ் நைஸ்."

நூலகத்தில் தலைமையாசிரியை மிஸிஸ் வாட்சன், சேஷாத்ரி, இன்னும் மூன்று பெற்றோர். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. சிவனேஸ்வரியின் ஆங்கிலம் பஸ்ஸில் பழகிய ஆங்கிலம். சொல் குறைவு, தயக்கம் இல்லை. பதினொரு கடிதங்களையும் மேசையில் வைத்தாள். மிஸிஸ் வாட்சன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, மிகவும் நன்றி, உங்கள் குடும்பம் எவ்வளவு ஒத்துழைக்கிறது என்று பாராட்டினார். அந்தப் பாராட்டில் சிவனேஸ்வரியின் இரண்டு காதும் சுட்டன.

"இன்னும் ஒன்று இருக்கிறது" என்று சொல்லி, கைபேசியை எடுத்து அந்த வரியை வாசித்தாள். "இதை எனக்கு விளங்கப்படுத்துங்கள். லண்டனில் தாத்தா இருந்தால் பிள்ளை போய்ச் சாப்பிடலாம். பாரிசில் பெரியம்மா இருந்தால் பிள்ளை மெல்பர்னிலேயே இருக்க வேண்டும். அப்படித்தானே?"

மிஸிஸ் வாட்சனின் முகம் சிவந்தது. அது வேறு, அவை முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட சந்திப்புகள் என்றார்.

"நானும் முன்கூட்டியே சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள், நான் பதினொரு முகவரி தந்தேன். மற்றவர்கள் எத்தனை தந்தார்கள்? ஒன்றும் எழுதாத பிள்ளை போகிறது. எழுதினவள் பிள்ளை நிற்கிறது." நிறுத்த நினைத்தாள், முடியவில்லை. "என் மகளின் கட்டுரைக்கு நீங்கள்தான் முதலிடம் கொடுத்தீர்கள். ஊர் ஊராகச் சொந்தக்காரர் இருந்ததால்தான் அந்தக் காலத்தில் மனிதர் பயணம் போனார்கள் என்று எழுதினாள். அருமை என்றீர்கள். கடைசிப் பக்கத்தையும் படித்தீர்களா? ஓர் ஊர்க்காரன் பிழை செய்தால், அந்த ஊரிலிருந்து அடுத்து வந்தவனைப் பிடித்து உள்ளே போடுவார்களாம். அது அநியாயம் என்று அந்தக் காலத்து ராஜாக்களே சட்டம் போட்டு நிறுத்தப் பார்த்தார்களாம். எழுநூறு வருடத்துக்கு முன்பு!"

சேஷாத்ரி பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். சிவனேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். தமிழில், மிக அமைதியாகக் கேட்டாள்.

"அண்ணா, லண்டனில உங்கட தங்கச்சி ஹம்சா சுகமா இருக்கிறாவோ? மருமகன் வந்தால் என்ன சமைச்சு வைப்பா?"

பேனா நின்றது. அவள் என்ன சொன்னாள் என்று மிஸிஸ் வாட்சன் சேஷாத்ரியைக் கேட்டார்.

"என் தங்கையை நலம் விசாரித்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் சேஷாத்ரி. பேனாவைக் கீழே வைத்தார். "இந்த விதியை முன்மொழிந்தது நான். நான் அதை நன்றாக யோசிக்கவில்லை. திரும்பப் பெறுகிறேன். லண்டனுக்கு இருக்கிற ஒப்புதல் படிவமே எல்லா ஊருக்கும் போதும்."

பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிரவீணா போகலாம். பாரிசிலும் உறவினர் ஹோட்டலுக்கு வந்து ஒரு மாலை அவளைப் பார்க்கலாம், படிவத்தில் கையெழுத்திட்டு. சேஷாத்ரி மனம் மாறிச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று ஆராய சிவனேஸ்வரிக்கு விருப்பமில்லை. பதினொரு கடிதங்களையும் திருப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் பின்னாலேயே வந்தார். "மேடம், பிரதீப் பேரைச் சொல்லாததுக்கு தேங்க்ஸ்."

"அது உங்களுக்காக இல்லை, மிஸ்டர் சேஷாத்ரி. பிள்ளை நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

முதலில் மகளுக்குச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே கத்தல், அழுகை. அடுத்தது பாரிஸ். அங்கே காலை பத்து மணி. அத்தான் வேலைக்குப் போகிற வழியில் இருந்தார்.

"அத்தான், எல்லாம் சரி! பிள்ளை போறாள். கடிதம் ஒண்டும் தேவையில்லையாம். பாரிசுக்கு வாற அண்டைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்ப் பாருங்கோ. முறைப்படி எல்லாம் எழுதிக் குடுக்கிறன்."

மெட்ரோ சத்தத்துக்கு மேலாக அத்தானின் குரல் கேட்டது.

"இல்லைப் பிள்ளை, வேண்டாம்" என்றார்.

"என்ன வேண்டாம்?"

"நான் கையெழுத்து வச்சிட்டனெல்லே."

"அதைத்தான் திருப்பி வாங்கிட்டன் அத்தான். என்ரை மடியில கிடக்கு."

"உன்னட்டைத் தந்தது தாள். நீ அனுப்பினது அவையளின்ரை கொம்பியூட்டரில கிடக்கும். பிறகு பிள்ளையின்ரை பேருக்கு ஏதும் வந்திட்டுதெண்டால்?" அவர் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. "நான் இஞ்சை வந்து முப்பது வருசம். கையெழுத்து வச்ச ஒண்டையும் மீறினதில்லை. அப்பிடி இருந்தபடியால்தான் இருக்க விட்டவங்கள்."

"அத்தான், அந்த விதியே பிழை! பிழை எண்டு அவையளே ஒத்துக்கொண்டவை! நீங்கள் ஆருக்குப் பயப்பிடுறியள்?"

"பயமில்லை. நீ எந்த ஹோட்டல் எண்டு மட்டும் சொல்லு. நாங்கள் ரெண்டு பேரும் அண்டைக்கு லீவு போட்டிட்டம். முன்பக்கம் ஒரு கஃபே கட்டாயம் இருக்கும். அதில இருந்து, பிள்ளை பஸ்ஸில ஏறேக்குள்ளை பாத்திட்டுப் போறம். நாங்கள் ஆர் எண்டு காட்டிக்கொள்ள மாட்டம்."

"கள்ளரோ நீங்கள்? சொந்தப் பிள்ளையை ஒளிச்சு நிண்டு பாக்கிறதுக்கு?" என்று சிவனேஸ்வரி கத்தினாள். பக்கத்துக் காரில் ஏறப்போன ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். தலைமையாசிரியையிடம் பேசுவதற்கு அவளிடம் சொல் இருந்தது. சேஷாத்ரியை மடக்க இருந்தது. இந்த மனுசனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கில் கையால் ஓங்கி அடித்தாள், ஒருதரம், இன்னொருதரம்.

"ஹோட்டல் பேர் என்ன பிள்ளை?" என்று அவர் மறுபடி கேட்டார்.

சொன்னாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார்.